பிறப்புறுப்பு ஹெர்பிஸ்: அறிகுறிகளை வரிசை தவறாமல் அறிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

பிறப்புறுப்பில் ஒரு புண்ணோ கொப்புளமோ தென்பட்டவுடன் பெரும்பாலானோர் செய்யும் காரியங்களின் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறார்கள். பிறகு கைப்பேசியில் படங்களைத் தேடிப் பயந்துபோகிறார்கள். ஒரு வாரம் கழித்து, புண் ஆறத் தொடங்கிய பிறகு, மருத்துவரிடம் போகிறார்கள். அப்போது மருத்துவர் கண்ணால் பார்ப்பதற்கோ சோதனைக்கு எடுப்பதற்கோ அங்கே ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்தச் சந்தேகத்தோடு கிளினிக்கிற்குத் தயங்கித் தயங்கி வரும் நம்மவர்களுக்கு உடனிருந்து உதவியதில், நோயைவிட இந்த வரிசைக் குழப்பமே அவர்களை அதிகம் அலைக்கழிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இங்கே சொல்லப்படும் வரிசை இதுதான்: பார்த்தல், குறித்தல், புண் புதிதாக இருக்கும்போதே காட்டுதல், அதன் பிறகு மருந்து.

தொடங்கும் முன் ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். பிறப்புறுப்பு ஹெர்பிஸ், உறவின் மூலம் தொற்றும் ஒரு வைரஸ் நோய்; அதை உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் (எச்.எஸ்.வி) இரண்டு வகைகள் உண்டு. எச்.எஸ்.வி-2 பெரும்பாலும் பிறப்புறுப்பைத் தாக்குகிறது. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் எச்.எஸ்.வி-1, வாய்வழி உறவின் மூலம் பிறப்புறுப்புக்கும் வரக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 13 விழுக்காட்டினர் எச்.எஸ்.வி-2 தொற்றுடன் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருப்பதில்லை, அல்லது இலேசாக இருப்பதால் வேறு ஏதோ என்று விட்டுவிடுகிறார்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு சிறிய கைக்கண்ணாடி, நல்ல வெளிச்சம், சோப்பு போட்டுக் கழுவிய கைகள், ஒரு குறிப்புத்தாள் ஆகிய நான்கும் போதும்.

தாளில் முதலில் தேதிகளை எழுதுங்கள்: கடைசியாக உறவு கொண்ட நாள், முதன்முதலில் அரிப்போ எரிச்சலோ தோன்றிய நாள், முதல் கொப்புளம் தெரிந்த நாள், காய்ச்சல் வந்திருந்தால் அந்த நாள். தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தோன்றுவதற்குப் பொதுவாக 2 முதல் 12 நாள் ஆகும் என்பதால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்றாக இருக்கும். அந்த அறையில் பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கும்போது தேதி நினைவுக்கு வருவதில்லை. கடந்த இரண்டு வாரங்களில் சாப்பிட்ட மாத்திரைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். காரணம் ஏழாம் பகுதியில் வருகிறது.

இன்னொன்று: களிம்பு, பொடி, மஞ்சள், வேப்பிலை விழுது எதையும் தடவாதீர்கள். அவை புண்ணின் தோற்றத்தை மாற்றிவிடும். குறிப்பாக, மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் “எல்லா அரிப்புக்கும்” என்று கிடைக்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது வீக்கத்தை மறைத்து, வைரஸ் பரவ இடம் கொடுக்கும்.

கொப்புளம் சீக்கிரம் உருமாறும் என்பதால் படம் எடுத்து வைப்பது பயனுள்ளது. ஆனால் குடும்பத்தினரோடு பகிரப்படும் படத்தொகுப்பில் அது தானாகச் சேராதபடி கைப்பேசியின் அமைப்பை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

2. முதலில் ஆபத்து அறிகுறிகளை விலக்குங்கள்

இத்தகைய வழிகாட்டிகளில் இந்தப் பகுதியைக் கடைசியில் வைப்பது வழக்கம். நள்ளிரவில் வலியோடு படிப்பவருக்கு இதுதான் முதலில் தேவை என்பதால் முன்னே வைக்கிறேன்.

சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்க, பல மணி நேரமாகக் கழிக்க முடியாமல் இருந்தால் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதல் தாக்குதலின்போது, குறிப்பாகப் பெண்களுக்கு, வலியாலோ கீழ்முதுகு நரம்புகள் பாதிக்கப்படுவதாலோ இப்படி நேரலாம். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை ஆகியவை சேர்ந்து வந்தாலும், கண் சிவந்து வலித்தாலும் காத்திருக்கக் கூடாது.

கர்ப்பிணிகள் தனி வகை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால் பிரசவத்தின்போது குழந்தைக்குக் கடத்தப்படும் வாய்ப்பு மிக அதிகம். புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு அது உயிராபத்தானது. சிறு கொப்புளமாக இருந்தாலும், பழைய தொற்றாக இருந்தாலும், கர்ப்பகாலப் பரிசோதனை செய்யும் கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் ஆகியோரும் கீழுள்ள படிகளைத் தாமே முயலாமல் நேரே தங்கள் மருத்துவரிடம் போவதே சரி.

3. எங்கெல்லாம் பார்க்க வேண்டும்

வலிக்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதே இங்கு வழக்கமான பிழை. இந்த வைரஸ் முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்பு முடிச்சுகளில் தங்கியிருந்து, அந்த நரம்புகள் போய்ச் சேரும் எந்த இடத்திலும் தோலுக்கு வரும். ஆகவே ஆண்கள் ஆண்குறி முனை, முன்தோலின் உட்புறம், தண்டுப்பகுதி, விதைப்பை ஆகியவற்றையும், பெண்கள் யோனியின் உள், வெளி இதழ்களையும் யோனி வாயையும் சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றியும் பார்க்க வேண்டும். இருபாலரும் தொடை இடுக்கு, ஆசனவாய், பிட்டம், வால் எலும்பை ஒட்டிய தோல் ஆகியவற்றைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பிட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அதே இடத்தில் “சூட்டுக் கொப்புளம்” வருகிறது என்று சொல்பவர்களுக்கு அது ஹெர்பிஸாகவே இருந்துவிடுவது உண்டு. உறவு அந்த இடத்தில் நிகழவில்லை என்பது அதை விலக்காது.

பெண்களுக்குக் கருப்பை வாயில் மட்டும் புண் இருந்தால் வெளியே எதுவும் தெரியாது. வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும் மட்டுமே இருக்கலாம். இதைக் கிளினிக்கில் கருவி வைத்துப் பார்த்தால்தான் கண்டறிய முடியும்.

பார்த்து முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். முதல் தொற்றின்போது விரலால் புண்ணைத் தொட்டுவிட்டுக் கண்ணைத் தொட்டால் அங்கும் பரவ வாய்ப்புண்டு.

4. தோல் மாறுவதற்கு முன் உடல் சொல்வது

கொப்புளத்துக்குச் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள் முன்பே அந்த இடத்தில் குறுகுறுப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு தோன்றும். சிலருக்குப் பிட்டத்திலிருந்து தொடைவரை நரம்பு சுரீரென்று இழுக்கும். அதை நெடுநேரம் உட்கார்ந்த வலி, மோட்டார் சைக்கிள் ஓட்டிய அலுப்பு என்று தைலம் தேய்த்து விட்டுவிடுவார்கள். இந்த முன்னறிவிப்பு எல்லாருக்கும் வருவதில்லை. வருபவர்களுக்கோ அடுத்தடுத்த முறைகளில் இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை.

இந்த நேரத்தில் தோல் இயல்பாகத் தெரிந்தாலும் வைரஸ் மேற்பரப்புக்கு வந்துகொண்டிருக்கும். எனவே உறவைத் தவிர்ப்பது கொப்புளம் தெரிந்த பிறகு அல்ல, இந்த உணர்வு தொடங்கியதுமே.

5. கொப்புளம் கடந்துபோகும் கட்டங்கள்

ஹெர்பிஸை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது ஏதோ ஒரு தோற்றம் அல்ல. அது ஒவ்வொரு நாளும் மாறும் விதம்தான். ஒரு நாள் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

முதலில் ஒரு சிறு பகுதி தடித்துச் சிவக்கும் என்று நூல்கள் சொல்லும். நம் தோல் நிறத்தில் இந்தச் சிவப்பு பெரும்பாலும் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, கருஞ்சிவப்பாகவோ, சில வேளைகளில் தடிப்பாக மட்டுமோ இருக்கும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை என்பதால், “என்னுடையது அப்படி இல்லை” என்று பலர் தவறாக ஆறுதல் அடைகிறார்கள். நிறத்தை விட்டுவிட்டு, தொட்டால் வலிக்கிறதா, தடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து அந்தத் தடிப்பின் மேல் சிறு சிறு கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றும். உள்ளே தெளிந்த நீர் இருக்கும். ஓரிரு நாளில் கலங்கும். ஈரமும் உராய்வும் உள்ள இடங்களில், அதாவது யோனி இதழ்களிலும் முன்தோலின் உட்புறத்திலும், இந்தக் கட்டம் சில மணி நேரமே நீடித்து, பார்ப்பதற்குள் உடைந்துவிடும். கொப்புளத்தையே பார்க்காமல் நேரே புண்ணைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் அதில் வியப்பில்லை.

உடைந்த பின் ஆழமில்லாத, வலிமிகுந்த சிறு புண்கள் தெரியும். பல புண்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் ஓரம் வளைந்து வளைந்து இருக்கும். சிறுநீர் படும்போது பொறுக்க முடியாமல் எரியும். இதை “நீர்க்கடுப்பு” என்று எண்ணி பார்லி தண்ணீரும் இளநீரும் குடிப்பது நம் வீடுகளில் நடப்பது. குடிக்கலாம், சிறுநீர் நீர்த்துப்போவதால் எரிச்சல் குறையும். ஆனால் எரிச்சல் குறைந்ததை நோய் குறைந்ததாக எடுத்துக்கொண்டு கிளினிக்கிற்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் சிக்கல்.

கடைசியாக, வெளித்தோலில் பொருக்கு கட்டி உதிரும். ஈரமான உட்பகுதியில் பொருக்கு கட்டாமலே ஆறிவிடும். பெரும்பாலும் தழும்பு இராது. கருமையோ வெளிறலோ சில வாரங்கள் தங்கலாம்.

எல்லாருக்கும் இந்த வரிசை முழுமையாக நிகழ்வதில்லை. ஒரே ஒரு புண், தோலில் கத்தி கீறியது போன்ற மெல்லிய வெடிப்பு, பூச்சிக்கடி போன்ற ஒரு தடிப்பு என்ற அளவில் முடிந்துபோவதும் உண்டு. இந்த மங்கலான வடிவங்கள்தான் பெரும்பாலும் தவறவிடப்படுகின்றன.

6. முதல் முறையா, மறுமுறையா

முதல் தாக்குதல் உடல் முழுவதையும் பாதிக்கலாம்: காய்ச்சல், தலைவலி, உடல் வலி, தொடை இடுக்கின் இருபுறமும் வலியோடு நெறி கட்டுதல். புண்கள் இருபக்கமும் பரவி, ஆறுவதற்கு 2 முதல் 4 வாரம் ஆகும். டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலும் உடல் வலியும் வந்தால் எல்லாரும் டெங்குவைத்தான் நினைப்பார்கள். வெட்கத்தால் கீழே இருக்கும் புண்ணை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மருத்துவருக்கு முழுப் படம் கிடைக்கும்.

மறுமுறை வரும்போது காய்ச்சல் பொதுவாக இராது. புண்கள் சில மட்டுமே, ஒரு பக்கத்தில், ஏறத்தாழ அதே இடத்தில் தோன்றி, 5 முதல் 10 நாளில் ஆறிவிடும். எச்.எஸ்.வி-2 என்றால் முதல் ஆண்டில் நான்கு ஐந்து முறை திரும்புவது சாதாரணம், எச்.எஸ்.வி-1 ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ திரும்பும். ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டுமே குறையும்.

இங்கே நிதானம் தேவைப்படும் ஒரு செய்தி உண்டு. நீங்கள் முதன்முதலாகக் கவனித்தது உண்மையில் முதல் தொற்றாக இல்லாமல் இருக்கலாம்; பல ஆண்டுகள் அமைதியாக இருந்த வைரஸ் இப்போதுதான் வெளிப்பட்டிருக்கலாம். ஆகவே புண் தெரிந்த தேதியை வைத்துக் கணவரையோ மனைவியையோ குற்றவாளியாக்க முடியாது. பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே வீட்டில் சண்டை மூண்டு குடும்பம் உடையும் நிலைக்குப் போவதைப் பார்க்கையில் மனம் பொறுக்கவில்லை. மருத்துவ ரீதியில் அந்தச் சண்டைக்கு ஆதாரமே இல்லை.

7. ஹெர்பிஸ் போலத் தோன்றும் பிற நோய்கள்

இவற்றை நீங்களே தீர்மானிப்பதற்காக இதை எழுதவில்லை. மருத்துவர் கேட்கும் கேள்விகளின் பொருள் புரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் விலக்கப்பட வேண்டியது சிஃபிலிஸ் என்னும் பால்வினை நோய். அதன் புண் பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக, வலியில்லாமல், ஓரம் கெட்டியாக இருக்கும். தொற்றிய சுமார் மூன்று வாரத்தில் தோன்றி, சிகிச்சை இல்லாமலே 3 முதல் 6 வாரத்தில் மறைந்துவிடும். மறைந்த பிறகும் நோய் உள்ளே தொடரும் என்பதே அதன் ஆபத்து. வலிக்கவில்லை என்று நிம்மதியடைபவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

காளான் தொற்றும் படர்தாமரையும் நம் ஊர் வெக்கையிலும் புழுக்கத்திலும் மிகச் சாதாரணம். அரிப்பு மிகுந்து, வெள்ளைப் படலமோ செதில் விளிம்போ இருக்கும். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு பரவலாக இருப்பதால், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு முன்தோலிலும் யோனியிலும் காளானால் வெடிப்புகள் உண்டாகின்றன; ஹெர்பிஸ் வெடிப்பும் இதே தோற்றம் தரும். காளான் மருந்து போட்டும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் ஹெர்பிஸுக்குச் சோதனை கேட்க வேண்டும்.

மாத்திரை ஒவ்வாமை பலருக்குத் தெரியாத ஒன்று. மெஃபனாமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகளும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் சிலருக்கு, ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும், ஆண்குறி முனையிலோ உதட்டிலோ அதே இடத்தில் புண்ணை உண்டாக்கிக் கரும்புள்ளியை விட்டுச்செல்லும். மாத்திரைகளை எழுதி வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகப் படரும் அக்கி, ஹெர்பிஸ் ஸோஸ்டர் என்னும் வேறு வைரஸ் தொற்று. அது நடுக்கோட்டைத் தாண்டாது. எதுவாக இருந்தாலும் அதன் மேல் செம்மண்ணோ காவியோ பூசி “அக்கி எழுதுவது” புண்ணில் கிருமி சேரவே வழிவகுக்கும். மழித்த பின் வரும் பருக்களில் நடுவே முடி இருக்கும். மருக்கள் வலிக்காது, நாள்தோறும் மாறாது. இரவில் அரிப்பு மிகுந்து வீட்டில் மற்றவர்களுக்கும் இருந்தால் சிரங்கைச் சந்தேகிக்கலாம். 2022-லிருந்து உலகின் பல நாடுகளில் பரவிய குரங்கம்மையும் பிறப்புறுப்பில் கொப்புளமாகத் தொடங்கலாம். அதன் கொப்புளங்கள் கெட்டியாக, நடுவில் குழிவுடன் இருக்கும்.

8. எங்கே போவது, என்ன சொல்வது

கொப்புளமோ புண்ணோ தோன்றிய இரண்டு நாளுக்குள் போய்விடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். பதிவு முகப்பில் வரிசையில் நிற்பவர்கள் கேட்க விவரம் சொல்ல வேண்டியதில்லை. தோல் பிரச்சினை என்றால் போதும். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் பதியும்போதே கேளுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் மருத்துவமனை அல்லது பினாங்கு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போகலாம். சிறப்பு கிளினிக்கிற்காகக் காத்திருந்தால் புண் ஆறிவிடும் என்பதால், முதல் சந்திப்பிலேயே ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் புண்ணிலிருந்து மாதிரி) எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், அன்றே எடுக்கக்கூடிய தனியார் கிளினிக்கைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

எம்.சி.யில் (மருத்துவ விடுப்புச் சான்றிதழில்) நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருப்பவர்கள் பெர்மிட் போய்விடும் என்று அஞ்சி மறைக்கிறார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கட்டாய மருத்துவப் பரிசோதனையான ஃபோமேமாவின் இரத்தச் சோதனைகளில் ஹெர்பிஸ் இடம்பெறவில்லை.

9. எந்தச் சோதனை, எப்போது

புண் இருக்கும்போது சரியான சோதனை, புண்ணின் அடியிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை). அது வைரஸ் இருக்கிறதா என்பதோடு எந்த வகை என்பதையும் சொல்லும். எத்தனை முறை திரும்பும் என்பது பெருமளவு வகையைப் பொறுத்தது. புண் ஆற ஆற வைரஸின் அளவு குறைவதால், பிந்தி எடுத்த ஸ்வாப்பில் “இல்லை” என்று வந்தால் அதை முழுமையாக நம்ப முடியாது.

இரத்தச் சோதனையில் பலர் பணத்தையும் நிம்மதியையும் இழக்கிறார்கள். தனியார் ஆய்வகங்களின் தொகுப்புச் சோதனைகளில் ஐ.ஜி.எம். (தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளில் ஒரு வகை) என்று ஒன்று இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புதிய தொற்றையும் பழையதையும் அது நம்பகமாகப் பிரித்துக் காட்டுவதில்லை. ஐ.ஜி.ஜி. என்னும் மற்றொரு எதிர்ப்பொருளுக்கான சோதனை தொற்றிய 12 வாரத்துக்குப் பிறகே ஓரளவு உறுதியானது, எச்.எஸ்.வி-2 அளவு எல்லைக்குச் சற்றே மேலே இருந்தால் தவறான முடிவாகவும் இருக்கலாம். எச்.எஸ்.வி-1 ஐ.ஜி.ஜி. இருப்பது, சிறுவயதில் உதட்டில் தொற்றியதைக்கூடக் காட்டும், இடத்தைச் சொல்லாது.

10. மருந்து

அசைக்ளோவிர் அல்லது வாலாசைக்ளோவிர் மாத்திரைகளை மருத்துவர் தருவார். முதல் தாக்குதலுக்கு வழக்கமாக 7 முதல் 10 நாள். மருத்துவர் பார்த்துத் தொற்று என்று கருதினால், ஸ்வாப் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் தொடங்குவதே முறை, ஏனெனில் முதல் சில நாள்களில் தொடங்கும்போதுதான் பலன் அதிகம். மறுமுறைகளில் குறுகுறுப்பு தோன்றிய நாளிலேயே தொடங்க வேண்டும் என்பதால், மாத்திரையை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க மருத்துவரிடம் சீட்டு கேளுங்கள். மருந்து வைரஸை உடலிலிருந்து நீக்காது. முழுமையாகக் குணமாக்குவதாகச் சொல்லி விற்கப்படும் எதையும் வாங்காதீர்கள்.

தளர்ந்த பருத்தி உடை, வெதுவெதுப்பான உப்பு நீரில் கழுவுதல், எரிச்சல் தாங்காவிட்டால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சிறுநீர் கழித்தல் ஆகியவை ஆறும்வரை உதவும்.

11. துணையும் தொடர் சோதனைகளும்

புண் முழுமையாக ஆறும்வரை உறவு கூடாது. ஆறிய பிறகும், அறிகுறியே இல்லாத நாள்களிலும் வைரஸ் தோலுக்கு வரக்கூடும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத தோல் வழியே பரவும் என்பதால் முழுமையாகத் தடுக்காது. தொற்றில்லாத துணை இருந்தால், நாள்தோறும் வாலாசைக்ளோவிர் சாப்பிடுவது எச்.எஸ்.வி-2 கடத்தப்படுவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும்; இதை மருத்துவரிடம் நீங்களே எழுப்ப வேண்டியிருக்கலாம்.

துணையிடம் சொல்லும்போது பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, முடிந்தால் மருத்துவரின் முன்னிலையில் சொல்லுங்கள். துணைக்குக் கேட்கத் தோன்றும் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும்.

ஹெர்பிஸ் உறுதியானாலும் சிஃபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் கொடுக்க வேண்டும், ஏனெனில் ஒரே வழியில் பரவுபவை சேர்ந்தே வரக்கூடும், எச்.எஸ்.வி-2 புண்கள் எச்.ஐ.வி. தொற்றுவதற்கான வாய்ப்பையும் கூட்டுகின்றன. முதல் நாள் எடுத்த இரத்தம் அண்மைய தொற்றைக் காட்டாமல் போகலாம். நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. சோதனையை உறவுக்கு 45 நாளுக்குப் பிறகும், சிஃபிலிஸ் சோதனையை 3 மாதம் முடிந்தும் திரும்பச் செய்ய வேண்டும். புண் ஆறியதும் இந்த இரண்டாவது சுற்றுக்கு வராமல் நின்றுவிடுபவர்களே அதிகம் என்பதால், கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன் அந்தத் தேதிகளைப் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள்.